அத்தியாயம் 7: இரண்டு தண்ணீர், இரண்டு லைன்

உடுமலைப்பேட்டையில் யார் வீட்டுக்காவது போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டால், அவர்கள் எந்தக் குழாய்ப் பக்கம் போகிறார்கள் என்று கவனியுங்கள். சமையலறையில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் வருவது திருமூர்த்தி அணையிலிருந்து நகராட்சி கொண்டுவரும் நல்ல தண்ணி. மற்றொன்றில் வருவது வீட்டு போரிலிருந்து ஏறும் உப்புத் தண்ணி. குடிக்க எது, பாத்திரம் கழுவ எது என்பதில் இந்த ஊர்க் குழந்தைகளுக்குக்கூடச் சந்தேகம் வராது. அதே வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தால் கதை வேறு. இரண்டு தண்ணீரையும் ஒரே டேங்கில் விட்டு, ஒரே பைப்பில் இறக்கி, ஒரே கீசருக்குள் அனுப்பியிருப்பார்கள். ஷவர் அடைபடுவது, கீசர் காயில் வெடிப்பது, குளியலறைச் சுவர் ஊறி டைல்ஸ் கழன்று வருவது போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

எந்த பைப் நல்லது என்று கடையில் கேட்பது பாதிக் கேள்விதான். அதற்குள் ஓடப்போகிற தண்ணீர் எது என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். ஆகவே இந்த அத்தியாயத்தில் முதலில் தண்ணீர், பிறகு பைப்.

உப்பு எங்கிருந்து வருகிறது

திருமூர்த்தி அணைக்கு வருவது மேற்குத் தொடர்ச்சி மலைத் தண்ணீர். பாலாற்று நீரோடு, பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் கால்வாய் வழியாகவும் வந்து சேர்கிறது. காட்டிலும் கடினப் பாறையிலும் வழிந்து நேராக அணைக்கு வந்துவிடுவதால் அதில் சுண்ணாம்பு கரைய அவகாசம் குறைவு. அதனால் அது மென்நீர்.

போர் தண்ணீர் அப்படியல்ல. உடுமலை மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். காற்றாலைகளுக்கு நல்லது, நிலத்தடி நீருக்கு நல்லதல்ல. கிணறு வெட்டும்போது மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக உதிரும் சுக்கான் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புதான். பெய்கிற கொஞ்ச மழையும் அதன் வழியாக இறங்கி, பாறை வெடிப்புகளில் பல வருடம் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. போரை ஆழப்படுத்த ஆழப்படுத்த உப்பு கூடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பழைய தண்ணீர் பாறையோடு அதிக நாள் இருந்த தண்ணீர்.

திருப்பூர்ப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு போட வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீர் பல வருடம் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை வந்த பிறகுதான் அவை திரும்ப ஓடின. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய குளோரைடு உத்தரவைக் கேட்டு வெளியேறிவிடாது. நொய்யல் கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அமராவதி ஆற்றுப் படுகையில் இருக்கும் உடுமலையில் முதல் எதிரி சுண்ணாம்பு. நொய்யல் படுகையில் சுண்ணாம்போடு குளோரைடும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் பைப்பைக் கெடுக்கும் விதம் வேறு வேறு: சுண்ணாம்பு படிந்து அடைக்கும், குளோரைடு அரித்துத் துளைக்கும்.

இதைப் பஞ்சாலையிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மில்லில் ஈரப்பதம் காக்கும் பிளான்ட்டின் நாஸில்கள் கெட்ட தண்ணீரில் எப்படி வெள்ளை பூத்து அடைபடும் என்று அங்கே இருக்கும் ஃபிட்டரைக் கேளுங்கள். பாய்லருக்கு சாஃப்ட்னர் இல்லாமல் எந்த முதலாளியும் தண்ணீர் விடமாட்டார். சாய மாஸ்டர் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்காமல் பாத்திரத்தை ஏற்றமாட்டார், ஏனென்றால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். தொழிற்சாலையில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம், வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

தண்ணீரை அளப்பது

இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. அதை வாங்கித் தண்ணீரில் வைத்து '1,400 காட்டுகிறது' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதை மட்டுமே அது தோராயமாகச் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. பைப்புக்கு வேண்டியது அந்த இரண்டாவது செய்தி.

ஆகவே தண்ணீரை ஆய்வுக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், தனியார் ஆய்வகங்களும் உண்டு. போர் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை இரண்டு மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். டேங்கிலிருந்து பிடிக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளில் பாசனத் தண்ணீர் விட்டிருக்கும்போது உப்பு குறைந்து காட்டும். அந்த நேரத்து அறிக்கையை நம்பி பைப் வாங்கக் கூடாது. மோசமான மாதத்தின் அறிக்கைதான் நமக்குக் கணக்கு.

அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது நான்கு வரிகள்: மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, பிஎச். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1,000. பிஎச் 6.5 முதல் 8.5 வரை. இவை குடிக்கிறவர் உடலுக்கும் பொதுவான பயன்பாட்டுக்கும் வைத்த எல்லைகள். 600க்குள் இருந்தால் கீசருக்குத் தொல்லை இல்லை என்று அர்த்தமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடினத்தன்மை 600 என்றால் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றில் 600 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு கரைந்திருக்கிறது. நாளுக்கு 500 லிட்டர் செலவாகிற வீட்டு பைப்புகள் வழியாக மாதம் 9 கிலோ போகிறது. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும், ஒரு சிறு பங்குதான் தங்கும். ஆனால் அந்தச் சிறு பங்கு வருடக் கணக்கில் ஒரே இடத்தில் தங்கும்.

வீட்டிலேயே பார்க்கச் சொட்டு மருந்து கிட் விற்கிறார்கள். ஒரு சிறிய குப்பியில் தண்ணீர் எடுத்து, தாங்கல் கரைசலும் சாயத்தூளும் போட்டதும் ஒயின் போன்ற சிவப்பு வரும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு ஊதாவாகி, ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்த நீலமாக மாறும். அதுவரை விட்ட சொட்டுகளை எண்ணிப் பெருக்கினால் கடினத்தன்மை. நகராட்சித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை செய்து பாருங்கள். நீலம் வர எத்தனை சொட்டு வித்தியாசம் என்று கண்ணால் பார்த்தவர்கள் இரண்டையும் ஒரே டேங்கில் விட மனம் வராமல் திரும்புவார்கள்.

எது எப்படிக் கெடுகிறது

சுண்ணாம்பு தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. தண்ணீர் சூடேறினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், கரைந்திருந்தது கல்லாக இறங்கும். சர்க்கரைபோலச் சூட்டில் கூடுதலாகக் கரைகிற பொருளல்ல இது. 60 டிகிரிக்கு மேல் படிவு வேகமாக ஏறும். அதனால்தான் குளிர்ந்த லைன் பல வருடம் தாங்குகிற வீட்டில் கீசர் சீக்கிரம் போய்விடுகிறது.

கீசரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காயில் மேல் முதலில் மெல்லிய வெள்ளைத் தோல். அது வெப்பத்தைத் தண்ணீருக்குப் போக விடாது. காயில் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே போகும், வெளியே தண்ணீர் சூடாக நேரம் கூடும், கரண்ட் பில் ஏறும். படிவு தடிக்கத் தடிக்க இடுக்கில் மாட்டிய தண்ணீர் கொதித்துப் பட்பட்டென்று பொரிகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கீசரை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். ஆனால் அலட்சியமாக விட்டால் காயிலின் உறை வெடித்து, டேங்கோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். டேங்குக்குள் தொங்கும் மெக்னீசியம் ராடு தன்னை அரிக்கக் கொடுத்து டேங்கைக் காப்பது. கடின நீரில் அது வேகமாகக் கரையும். வருடம் ஒரு முறை கழற்றிப் பார்த்து, நடுக்கம்பி தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றுங்கள். இதைச் சொல்கிற மெக்கானிக் குறைவு, கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

ஜிஐ பைப்புக்கு வருவோம். துத்தநாகப் பூச்சுதான் அதன் உயிர். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். குளிர்ந்த தண்ணீரில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். 60 டிகிரிக்கு மேல் பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் அது தலைகீழாகும்: பூச்சு காக்கிற வேலையை விட்டுவிட, இரும்பு அரிபடத் தொடங்கும். ஜிஐயில் வெந்நீர் லைன் போடாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

பத்து, பதினைந்து வருடம் ஓடிய அரை அங்குல ஜிஐ பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே காவி நிறத்தில் கட்டி கட்டியாக நிற்கும். விரல் நகத்தால் கிள்ளினால் மேல் ஓடு உடையும், உள்ளே கருத்த சேறு. அதன் அடியில்தான் குழி. குழி ஒரு நாள் வெளியே எட்டிப் பார்க்கும்போது சுவர் ஊறும். துளை விழாவிட்டாலும் நீரோட்டம் போய்விடும். 15 மில்லிமீட்டர் துவாரத்தில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 9. துவாரத்தின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உராய்வையும் சேர்த்தால் ஓட்டம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். மாடி டேங்கிலிருந்து வெறும் மூன்று மீட்டர் உயரத்தில் இறங்கும் வீட்டில் இது குளியலறையையே முடக்கிவிடும்.

பித்தளையில் நடப்பது மறைமுகமானது. குளோரைடு கூடிய தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்துவிடும், மிஞ்சுவது சல்லடைபோன்ற செம்பு. வெளியே குரோம் பளபளக்கும். ஒரு நாள் குழாயை லேசாகத் திருகும்போது ஆங்கிள் காக்கின் மரை சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். முறிந்த இடத்தைப் பாருங்கள்: பித்தளையின் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாக இருந்தால் காரணம் தண்ணீர்தான், திருகியவரின் கை அல்ல. சிபிவிசி பைப் நல்லதாக வாங்கி, அதில் மட்டமான பித்தளை மரை போட்ட எல்போவை வைத்தால் முதலில் போவது அந்த எல்போ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் விதிவிலக்கல்ல. 304 ரகத்துக்குச் சாதாரணச் சூட்டில் குளோரைடு 200 வரைதான் பாதுகாப்பென்று பொதுவாகக் கொள்வார்கள். அதற்கு மேல் 316.

மென்நீர் எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். அதில் சுண்ணாம்பு போதாததால் உலோகத்தின் மேல் காப்புத் தோல் கட்டாது. ஒரு லைனில் நாளுக்கொரு தண்ணீர் மாறி மாறிப் போனால், ஒன்று கட்டிய படிவை மற்றது இளக்கி உதிர்க்கும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை மாற்றினார்கள். புதிய தண்ணீரில் குளோரைடு அதிகம், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கவில்லை. பல வருடமாகப் பழைய ஈயப் பைப்புகளுக்குள் இருந்த காப்புப் படிவு கரைந்து, ஈயம் குழந்தைகளின் இரத்தத்துக்குப் போனது. நம் ஊரில் ஈயப் பைப் இல்லை. ஆனால் பைப்பையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. ஆர்ஓ வடிகட்டியின் தண்ணீரும் இதே குணம் கொண்டது. அதை ஜிஐ நிப்பிள் வழியாக எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

என்ன போடுவது

மாடியில் இரண்டு டேங்க் வையுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நல்ல தண்ணி டேங்கிலிருந்து சமையலறைக்கு ஒரு லைன், கீசருக்கும் சோலாருக்கும் ஒரு லைன். உப்புத் தண்ணி டேங்கிலிருந்து கழிப்பறை, துணி துவைக்கும் கல், வாசல், தோட்டம். நகராட்சித் தண்ணீர் தினமும் வராதே என்பீர்கள். நான்கு பேர் குளிக்க வெந்நீராக நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் தேவைப்படுவது அரிது. அந்த அளவைத் தனியாகச் சேமிப்பது எளிது. இரண்டு லைனுக்கும் நடுவே 'அவசரத்துக்கு இருக்கட்டுங்க' என்று பிளம்பர் வால்வு போட்டு இணைக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வால்வை யாரோ ஒரு நாள் திறந்து மறந்துவிடுவார்கள். உப்புத் தண்ணி நல்ல தண்ணி லைனுக்குள் ஏறுவது சுகாதாரத்துக்கும் கேடு.

உப்புத் தண்ணி லைனுக்கு யுபிவிசி. அரிபடாது, உள்சுவர் வழவழப்பாக இருப்பதால் சுண்ணாம்பு பிடிப்பதும் குறைவு. கணக்கிட்ட அளவைவிட ஒரு படி பெரிய பைப் போடுங்கள்: அரை அங்குலம் போதும் என்கிற இடத்தில் முக்கால். இந்தியத் தரம் ஐஎஸ் 4985-இல் அழுத்தப் பிரிவுகள் உண்டு. தோட்டத்துப் பாசனத்துக்கு வாங்கும் 4 கிலோ, 6 கிலோ பைப்பை மீதியிருக்கிறதே என்று வீட்டுச் சுவருக்குள் வைக்காதீர்கள். வீட்டுக்கு 10 கிலோவாவது வேண்டும். பைப் மேல் தர எண்ணும் பிரிவும் அச்சடித்திருக்கும், படித்து வாங்குங்கள். பிவிசியில் ஈயச் சேர்மம் கலப்பதைத் தடுக்க 2021-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. ஈயம் இல்லாதது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். யுபிவிசிக்கு 45 டிகிரிதான் எல்லை. மாடியில் வெறுமனே கிடந்தால் உடுமலை வெயிலில் வெளுத்து நொறுங்கும். வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தாலே பல வருடம் கூடும்.

வெந்நீர் லைனுக்கு சிபிவிசி, ஐஎஸ் 15778, எஸ்டிஆர் 11 தடிமன். கொஞ்சம் விலை குறைவென்று 13.5-ஐக் கடைக்காரர் காட்டுவார். குளிர்ந்த லைனுக்கு அது போதும், வெந்நீருக்கு 11 வாங்குங்கள். சூட்டில் சிபிவிசி நீளும். மூன்று மீட்டர் பைப், 50 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். இரு முனையையும் சிமெண்டில் இறுக்கிவிட்டால் அந்த நீட்சி ஜாயின்ட்டைப் பிளக்கும். கிளாம்புக்குள் பைப் நகர இடம் விடுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஒரு வளைவு கொடுங்கள். சிபிவிசிக்கும் யுபிவிசிக்கும் ஒட்டும் சிமெண்ட் வேறு வேறு. ஒரே டப்பாவால் இரண்டையும் ஒட்டுகிறவரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜிஐ வேண்டவே வேண்டாமா? வெளியே தெரியும் இடத்தில், அடி படும் இடத்தில், குளிர்ந்த நல்ல தண்ணிக்குப் போடலாம். மஞ்சள் கோடு லைட், நீலக் கோடு மீடியம், சிவப்புக் கோடு ஹெவி. நீலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். ஜிஐயையும் பித்தளை, செம்பையும் நேரடியாக இணைக்காதீர்கள், நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கட்டும். உப்புத் தண்ணி வரும் இடங்களில் குழாய்க்கு பிடிஎம்டி பிளாஸ்டிக் டாப் போதும். பார்க்க அழகில்லைதான். ஆனால் விலையுயர்ந்த குரோம் டாப்பை உப்புத் தண்ணிக்கு வைத்து வெள்ளைக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைவிட மேல்.

சோலாருக்குத் தண்ணீர் எதுவென்று பார்த்து ரகம் தேர்ந்தெடுங்கள். தட்டையான பேனலில் செம்புக் குழாய்கள் மெல்லியவை, உப்புத் தண்ணியில் அடைபடும். கண்ணாடிக் குழாய் ரகம் கொஞ்சம் தாங்கும். எதற்கும் நல்ல தண்ணி கொடுப்பதே முறை.

சாஃப்ட்னர் பற்றி: அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத் தரும். சுண்ணாம்புப் படிவு நிற்கும், மொத்த உப்பு குறையாது, குளோரைடு அரிப்பும் போகாது. ரெசினைக் கழுவிய உப்புக் கரைசலைத் தோட்டத்தில் விட்டால் தென்னை வாடும், கடைசியில் பக்கத்து வீட்டு போருக்கே போய்ச் சேரும். நொய்யலில் நடந்ததன் சிறிய வடிவம் அது. இரண்டு டேங்க் வைக்க முடிகிற வீட்டுக்கு சாஃப்ட்னர் தேவையில்லை என்பது என் முடிவு. பைப் மேல் மாட்டும் காந்தக் கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவை வேலை செய்கின்றன என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் போதவில்லை.

ஷவர், டாப் வாய் அடைபட்டால் கழற்றி, வெந்நீரில் சிட்ரிக் அமிலத் தூள் கலந்து இரவு ஊறவைத்தால் போதும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். பாத்ரூம் ஆசிட் குரோமையும் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் ஜிஐ சுவருக்குள் இருந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. முதல் வேலையாக, கீசருக்குப் போகும் லைனைப் பிரித்து நல்ல தண்ணி டேங்கோடு சேருங்கள். வெளிச்சுவரில் சிபிவிசி ஓட்டி ஒரு நாளில் முடிக்கலாம். கீசர் சூட்டை 50 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். அடுத்த கட்டமாக, கையிருப்பைப் பொறுத்துக் குளியலறை ஒவ்வொன்றாக வெளிச்சுவர் வழியே புது லைன் கொண்டுவந்து, பழைய ஜிஐயை இரு முனையிலும் பிளக் போட்டு அடைத்து சுவருக்குள்ளேயே விட்டுவிடலாம். புது லைனைச் சுவருக்குள் புதைப்பதானால், பூசுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பிறகு பைப் ஓடும் இடங்களை அளவு டேப்போடு சேர்த்து ஃபோட்டோ எடுத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.